வலது கை

நெல்டா ஐந்தரைக்கு எழுந்தாள். காபி போட்டாள். கணவன் ராய்ஸின் மாத்திரைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்ததிலிருந்து வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகள். பன்றி இறைச்சித் துண்டுகளை வாணலியில் பரப்பினாள். பிசைந்த மாவை வட்டமாக வெட்டித் தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலத்தான் விடிந்தது.

ராய்ஸின் அக்கா ஒலீட்டா சமையலறைக்குள் வந்தாள். புருஷன் இறந்ததிலிருந்து இவர்களோடுதான் இருக்கிறாள். காபியை ஊற்றிக்கொண்டு, நெல்டாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"மத்தியானத்துக்கு ஒரு தட்டு கூட வை. டானெட் வரா. கீட்டன் கூப்பிட்டிருக்கான்."

நெல்டா வாணலியில் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள்.

டானெட் ராய்ஸின் முதல் மனைவி, கீட்டனைப் பெற்றவள். அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனாள். அடுத்த வருடம் நெல்டா இந்த வீட்டுக்குள் வந்தாள். அவன் காய்ச்சலுக்குக் கண் விழித்தது, பல் விழுந்தபோது தலையணைக்கடியில் காசு வைத்தது, சேறு அப்பிய கால்பந்துச் சட்டைகளை ஊற வைத்துத் துவைத்தது, எல்லாம் நெல்டாதான். பையன் பள்ளி அணியில் பெயர் எடுத்த பிறகு டானெட் திரும்பி வந்தாள், பக்கத்து ஊரில் முடி திருத்தும் கடை வைத்துக்கொண்டு. அவன் அவளை அம்மா என்றான். இவளை நெல்டா என்றான்.

பள்ளியில் அவன் ஆடிய கடைசி ஆட்டத்தில், ஊர் வழக்கப்படி, கடைசி வருடப் பையன்கள் பெற்றவர்களோடு கை கோத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்தார்கள். அம்மாவுக்கு வலது கை, அப்பாவுக்கு இடது கை. நெல்டா புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அவனுடைய வலது பக்கம் நின்றிருந்தாள். அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் டானெட் வேலியைத் தாண்டி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் நகர்ந்து இடது கையை நெல்டாவுக்குக் கொடுத்தான். நெல்டா நடந்தாள், சிரித்தாள். படத்திலும் சிரித்தபடிதான் இருக்கிறாள். அந்தப் படத்துக்கு அவள் இன்னும் சட்டம் போடவில்லை.

இப்போது பல்கலைக்கழகத்தில் அவனுக்குக் கடைசி வருடம். வரும் சனிக்கிழமை உள்ளூர் மைதானத்தில் கடைசி ஆட்டம். அங்கேயும் அதே வழக்கம்தான். தொற்றுக்காலம் என்பதால் ஒரு பையனோடு ஒரே ஒருவர்தான் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கீட்டன் டானெட்டின் பெயரைக் கொடுத்திருந்தான்.

அவன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. ஆகஸ்டில், பயிற்சி தொடங்கும்போதே, ஆட வேண்டாம் என்று சொன்னவள் நெல்டா. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம், படிப்புக்கான உதவித்தொகை போகாது என்று பல்கலைக்கழகமே அறிவித்திருந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தேவாலயத்தில் பேசாமல் போனவர்கள் உண்டு. இந்த வீட்டிலும் சண்டை வந்தது.

"வகுப்புல பக்கத்துல உக்காந்தா ஆபத்துன்னு பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல நடத்தறாங்க. மைதானத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து மூச்சு விட்டா மட்டும் ஒண்ணும் ஆகாதா?" என்று நெல்டா கேட்டாள். "உங்கப்பா உடம்பை நெனச்சுப் பாரு."

கீட்டன் விடுதியிலேயே இருந்துகொள்வதாகவும், வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் சொன்னான். இந்த வருடத்துக்காகத்தான் சின்ன வயதிலிருந்து ஓடினேன் என்றான். டானெட் ஒரே வார்த்தையில் ஆடு என்றாள். அவன் யாரைக் கட்டி அணைத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டப் பருவம் முழுவதும் டானெட் அரங்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள். ஆளில்லாத இருக்கைகளில் காசு கொடுத்தவர்களின் அட்டைப் படங்களை நிறுத்தினார்கள். ஒலீட்டா ராய்ஸுக்கும் நெல்டாவுக்கும் ஆளுக்கொரு அட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். நெல்டா தொலைக்காட்சியில் தன்னைத்தானே பார்த்தாள். டானெட் துள்ளிக் குதிக்கிறாள். இரண்டு வரிசை பின்னால் அட்டை நெல்டா பல்லைக் காட்டிக்கொண்டு மழையில் நனைகிறாள்.

"உன் படம் நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றாள் ஒலீட்டா. "வாயைத் திறந்து ஆட வேண்டாம்னு சொல்லாம இருக்கே, அதுவே அழகு."

அந்த ஞாயிறு மத்தியானம் டானெட் வந்தாள். கீட்டனும் அவளும் பின்வாசலில் உட்கார்ந்தார்கள். ராய்ஸ் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. நெல்டா தட்டுகளைச் சுமந்து கொண்டு நடந்தாள். டானெட் இருமினாள். பருத்தி அறுவடைத் தூசி, வருடா வருடம் இப்படித்தான் என்றாள். கீட்டன் எழுந்து அவளுக்குக் குளிர்ந்த தேநீர் ஊற்றிக் கொடுத்தான். பதினேழு வருடத்தில் அவன் தனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்ததுண்டா என்று நெல்டா யோசித்தாள். உண்டு, நிறைய உண்டு. ஆனால் அப்போது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"கோழி ரொம்ப நல்லாருக்கு நெல்டா," என்றாள் டானெட். "எனக்கு இந்தக் கைப்பக்குவம் வராது."

"வீட்ல இருந்தா வந்திருக்கும்," என்றாள் நெல்டா.

கீட்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

புதன்கிழமை நெல்டா ஐந்தரைக்கு எழுந்தாள். காபி போட்டாள். மாத்திரைகளை எடுத்து வைத்தாள். இறைச்சியை வாணலியில் பரப்பினாள். படுக்கையறையிலிருந்து ராய்ஸ் குரல் கொடுத்தான், என்ன தீயுது என்று. அவள் குனிந்து பார்த்தாள். வாணலியில் எல்லாம் கரியாகியிருந்தது. புகை முகத்தில் அடித்தது. வாசனை இல்லை. காபி டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தாள். அதிலும் இல்லை.

அடுப்பை அணைத்தாள். கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, யாரும் சமையலறைக்குள் வராதீங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போனாள். அங்கேதான் தொற்றுச் சோதனை நடந்தது.

அந்த ஊரில் ஆட்ட வாரத்தில் யாரும் அங்கே போவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, அது அப்படித்தான். ஆட்டக்காரன் வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால், கூட உட்கார்ந்து சாப்பிட்ட பையன் இரண்டு வாரம் வெளியே. அதனால் தும்மினால் தூசி, காய்ச்சல் என்றால் களைப்பு. சனிக்கிழமை முடிந்த பிறகுதான் சோதனை. திடலில் நெல்டாவுக்கு முன்னால் ஒரு கார்கூட இல்லை.

அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பேசாமல் திரும்பிப் போய், தனியாகப் படுத்துக்கொண்டால் சனிக்கிழமை அவன் ஆடுவான். டானெட் நடப்பாள். சோதித்துச் சொன்னால் அவன் ஆட மாட்டான். டானெட்டும் நடக்க மாட்டாள்.

டானெட்டும் நடக்க மாட்டாள் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. நாக்குக்கு ருசி போன பிறகும் அது இனித்தது. அவள் பயந்துபோனாள். எல்லாரும் சொல்லப் போவது உண்மைதானோ... இதுக்காகத்தான் வந்தேனோ... ஆனால் அவன் உடம்பிலும் தொற்று இருந்தால்? அவனோடு முட்டி மோதும் பையன்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்களே...

கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

முடிவு மத்தியானமே வந்தது, தொற்றுதான். அவளே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து சொன்னாள். ஆட்டத்துக்கு முன்னால் விருந்து சமைக்க ஓட்டிப் போகும் படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய வண்டி முற்றத்தில் நின்றது. ஒரு போர்வையோடு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் கீட்டன் வந்து வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றான்.

"நீ நெனச்சது நடந்துருச்சு இல்ல?"

"கீட்டன்..."

"எங்கம்மா ஒரே ஒரு நாள் என்கூட நடக்கறது உனக்குப் பொறுக்கல. ஊர்ல எவ்வளவோ பேருக்கு இருமல். யாராவது திடலுக்கு ஓடினாங்களா? உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

வராந்தாவிலிருந்து ஒலீட்டா, வயித்தெரிச்சலுக்குத் தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கலையே என்றாள். ராய்ஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றான். கதவில் கை வைத்தான். திறக்கவில்லை.

நெல்டா வண்டியின் சின்ன ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"பொறுக்கலதான். நான் இல்லேன்னு சொல்லல. அவ கையைப் பிடிச்சா எனக்கு எரியுது. ஆனா அதுக்காக நான் அங்க போகல. நீ நம்பினா நம்பு... நம்பலேன்னா உடம்பையாவது பாத்துக்கோ. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினா டாக்டர்கிட்ட சொல்லு."

அவன் போய்விட்டான்.

சனிக்கிழமை அவள் வானொலியில் கேட்டாள். ஒவ்வொரு பையனின் பெயர், அவன் அம்மாவின் பெயர். கீட்டனின் பெயர் வரும் இடத்தில் அடுத்தவன் பெயர் வந்தது. அவள் வானொலியை அணைக்கவில்லை. அட்டைப் படம் இன்றும் அங்கே சிரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் கீட்டனுக்கும் தொற்று என்று செய்தி வந்தது. காய்ச்சல்கூட இல்லை. நன்றி சொல்லும் பண்டிகையன்று ஒலீட்டா வான்கோழித் தட்டை வண்டிப் படியில் வைத்து, ஆறாமல் இருக்க மேலே துணியைப் போர்த்தினாள். நெல்டா இரண்டு வாய் மென்றாள். காகிதத்தை மெல்லுவதுபோல் இருந்தது. இருமல் கூடிக்கொண்டே போனது. யார் கேட்டாலும் தூசி என்றாள்.

அதற்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், கீட்டனின் வண்டி முற்றத்துக்குள் வந்தது. பின்னாலேயே டானெட்டின் வண்டியும். ராய்ஸ் முகக்கவசத்தோடு முதல்முறையாக வெளியே வந்து நின்றான். கீட்டன் இந்த முறை ஜன்னலுக்குக் கீழேயே வந்தான்.

"திரும்ப ஆட விடறதுக்கு முன்னால இதயத்தைப் படம் எடுத்துப் பாத்தாங்க," என்றான். "இந்தத் தொற்றால இதயத்துல வீக்கமாம். அன்னிக்கு ஓடியிருந்தா... மைதானத்துலயே விழுந்திருப்பேன்னு டாக்டர் சொன்னார். மூணு மாசம் ஓய்வு எடுத்தா சரியாயிடுமாம்."

நெல்டா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை.

டானெட் தள்ளியே நின்றாள். துளி ஒப்பனைகூட இல்லாத முகம். "எனக்கு இங்க சாப்பிட வந்ததுக்கு முந்தின நாளே மணம் தெரியல நெல்டா," என்றாள். "கடையில சாயத்தோட நாத்தமே வரல. தெரிஞ்சேதான் ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தேன். சொன்னா நடக்க விடமாட்டாங்களேன்னு... நான்தான் கொண்டுவந்தேன். அவனுக்கும், உனக்கும். இவங்ககிட்ட இன்னிக்குத்தான் சொன்னேன்." அவள் அழுதாள். "அவனை வளத்தவ நீ. எல்லாத்துக்கும் முந்தி நீயே இருந்தே. எனக்கு ஒரு நாளாவது உன்னை முந்தணும்னு இருந்தது."

இத்தனை வருடமும் எரிந்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள் நெல்டா. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கதவைத் திறந்தாள். படியில் இறங்க முடியாமல் சாய்ந்தாள். கீட்டன் தாங்கிப் பிடித்தான். அவன் கைக்குள் அவள் மூச்சு விசில்போல் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ராய்ஸ் போன் செய்ய ஓடினான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை கீட்டன் அவளை அணைத்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தான். நெல்டா, நெல்டா என்று மட்டும் சொன்னான். அந்தப் பெயரை அவன் எப்போதுமே இப்படித்தான் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்த வருஷம் கணக்குல சேராதாம்," என்றான். "அடுத்த வருஷமும் ஆடலாம். மறுபடி நடக்கலாம். நீ என்கூட வர்றே. நீ மட்டும்தான்."

டானெட் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நவம்பரில் அரங்கம் நிறைந்திருந்தது. கீட்டன் பெயரைக் கூப்பிட்டார்கள். டானெட் அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலது கை மடங்கியபடி காலியாக இருந்தது. இடம் இருக்கிறதே, நீங்களும் போகலாமே என்று பக்கத்தில் இருந்தவர்கள் ராய்ஸிடம் சொன்னார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்றத்தில், கதவை மூடப் போன ஆம்புலன்ஸ்காரரைக் கையைக் காட்டி நிறுத்தி, முகத்தில் வைத்த பிராணவாயுக் குழாயை ஒதுக்கிவிட்டு, நெல்டா கீட்டனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"அவளையும் கூப்பிடு. ஆனா வலது கை எனக்கு."