இரண்டு தட்டினால் புறப்படலாம்

பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது. அவள் வழக்கம்போல் வண்டியை எடுத்தாள். பெட்ரோல் பங்கை விட்டு வெளியே வந்து, சாலையில் ஏறி, இரண்டாவது கியருக்கு மாற்றிய பிறகுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். கைக்கொன்றாகக் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஓடுவது எப்படி என்று தெரியாமல், கணவர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"கட்டின புருஷனையே நடுரோட்டுல விட்டுட்டுப் போறியே, நல்லா இருப்பியா?" மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

"நீங்கதானே தட்டுனீங்க?"

"ரெண்டு கையிலயும் காபி. மூக்காலயா தட்டுவேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பாதிக்கு மேல் சிந்திப்போயிருந்த காபியை அவர் அவளிடம் நீட்டினார்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் புறப்படு. இந்த பாஷை வேலையோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறியிருந்தது. அவள் புலம்பல் நீண்டுகொண்டே போனால் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அவள் முறைத்துவிட்டு நிறுத்துவாள். அவர் தட்டு யாருக்கும் வராது. உள்ளங்கை விழும் சத்தத்துக்குள் மோதிரம் படும் 'ணங்' என்ற ஓசை ஒன்று இருக்கும். கல்யாண மோதிரம், விரல் பெருத்துப்போனதில் இப்போது அறுத்தால்தான் வரும்.

பெட்ரோல் பங்கில் கேட்ட தட்டில் அந்த 'ணங்' இல்லை. இது அவளுக்கு வெகுதூரம் வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் சொல்லவில்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து ஒரு வருஷம்கூட ஆகாத மனிதரிடம் எதற்கு? நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் மகள், கிளம்பும்போதே போனில் சொல்லியிருந்தாள். "அம்மா, வண்டிலதான் வருவேன்னு அப்பா அடம் பிடிக்கிறாரு, சரி. ஆனா அவர நல்லபடியா கொண்டுவந்து சேக்கிறது உன் பொறுப்பு." "பார்சல் பத்திரமா வந்து சேரும்டி" என்று இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னும் ஒரு நாள் ஓட்டினால் மகள் வீடு.

வண்டி பழைய வேன்தான். உள்ளே படுக்கை, இரண்டு அடுப்பு, சின்னத் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார்கள். பாத்திர அலமாரிக்கு வேறு இடம் இல்லாததால் பின்கண்ணாடியை அடைத்து வைத்தாயிற்று. ஆகவே பின்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவளுக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவர் இறங்கிப் போய்க் குரல் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் ரயில்வே கேட் ஒன்றில் காத்திருந்தார்கள். ரயில் போய் முடிந்தது. கேட் மேலே போனது. பின்னாலிருந்து இரண்டு தட்டு.

அவர் பக்கத்து சீட்டில்தான் இருந்தார்.

"பாத்திரம் ஆடுது" என்றார். கொஞ்சம் கழித்து வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாத்திரங்களைத் துண்டு வைத்து இறுக்கிக் கட்டியது அவர்தானே, எப்படி ஆடும் என்று கேட்க வாயெடுத்தவள், அவர் கையைப் பேண்டில் அழுத்தித் துடைப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பின்னாடி தகரம் பூரா ஈரமா இருக்கு."

"மழையே இல்லையே?"

"பனியா இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? வண்டிய எடு." ஆனால் அதற்குப் பிறகு அவர் பாட்டுப் பெட்டியைப் போடவில்லை. ஈரத்துணியைப் பல நாள் மூட்டை கட்டி வைத்திருந்து அவிழ்த்தால் வருமே, அப்படி ஒரு வாடை பின்னாலிருந்து மெல்ல மெல்ல முன்சீட்டுக்கு வந்தது. இருவரும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்கள்.

இருட்டத் தொடங்கியபோது மூடுபனியும் சேர்ந்துகொண்டது. பெரிய சாலையில் ஏதோ லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அம்புக்குறி காட்டிய வழியில் போக, சாலை தெருவாகி, தெரு சந்தாகி, இரண்டு பக்கமும் ஆழமான பள்ளத்தோடு ஒரே ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சுருங்கி, கடைசியில் பூட்டிய இரும்புக் கேட்டில் போய் முட்டி நின்றது. கேட்டுக்கு அப்பால் தண்ணீர் கரையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திருப்ப இடமில்லை. வந்த வழியே பின்னாலேயே போக வேண்டும்.

"விடிஞ்சதும் எடுத்துக்கலாங்க. இங்கயே படுத்துடலாம்."

"இங்க வேணாம்" என்றார். கேலி ஒன்றும் சேர்க்காமல் அவர் அவள் பேச்சை மறுத்தது அந்தப் பயணத்திலேயே அதுதான் முதல் தடவை. இவருக்கும் பயம்தான்.

கதவைத் திறந்தார். "நான் தட்டுனா எடு. ஒண்ணுக்கு நிறுத்து."

"மோதிரத்தோட தட்டுங்க."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "அது வேற எங்க போகப் போகுது? கழட்ட வந்திருந்தா எப்பவோ வித்துத் தின்னிருப்பேனே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். டார்ச் வெளிச்சம் வண்டியின் பக்கவாட்டில் நகர்ந்து போனது. பக்கக் கண்ணாடியில் பனி அப்பியிருந்ததால் கொஞ்ச தூரத்திலேயே அது வெறும் வெள்ளைக் கறையாகி, பிறகு அதுவும் இல்லை. இரண்டு தட்டு. இரண்டிலும் 'ணங்' இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"வரலாம்... வரலாம்... மெதுவா டிரைவரம்மா, பின்னாடி நிக்கிறது உன் புருஷன்... லெஃப்ட்ல ஒடி... போதும் போதும்... வரலாம்..."

வண்டி பின்னால் ஊர்ந்தது. சக்கரத்தடியில் சரளை நொறுங்கியது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்குகிறவள் மாதிரி அவள் வந்துகொண்டிருந்தாள்.

"வரலாம்... வரலாம்..."

"இன்னும் எவ்வளவு தூரங்க?"

"வரலாம்."

டிரைவரம்மா இல்லை. லெஃப்டும் இல்லை, ரைட்டும் இல்லை. ஒரே இடைவெளியில், ஒரே ஏற்ற இறக்கத்தில், அந்த ஒரு சொல் மட்டும். குரல் அவருடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

அவள் பிரேக்கை மிதித்தாள்.

"ஏங்க, வேற ஏதாவது பேசுங்க!"

"வரலாம்."

"என்னைத் திட்டவாவது செய்யுங்க!"

"வரலாம்."

குரல் இப்போது பின்னால் இல்லை. பக்கவாட்டில், இடது பக்கக் கதவுக்கு அருகில் எங்கோ. ஈர வாடை மூக்கை அடைத்தது. இறங்கி ஓட நினைத்தாள். அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? ரிவர்ஸ் கியரில் வண்டி துடித்துக்கொண்டிருந்தது. ஒரு கால் கிளட்சில், ஒரு கால் பிரேக்கில். தட்டினால் போதும். அவர் தட்டினால் தெரிந்துவிடும். உடம்பு முழுவதையும் காதாக்கிக் காத்திருந்தாள்.

தட்டு.

உடனே இன்னொன்று.

இரண்டு. புத்தி யோசிப்பதற்குள் கால் யோசித்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம். கிளட்சை விட்டது, ஆக்சிலேட்டர் இறங்கியது, வண்டி பின்னால் பாய்ந்தது.

அதன் பிறகுதான் காதில் கேட்டது மனதுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் தட்டில் 'ணங்' இருந்தது.

இரண்டாவதில் இல்லை.

அவர் ஒரு தட்டுதான் தட்டினார். நிறுத்தச் சொன்னார். வாய் இருக்கிற மனிதர், ஏன் கத்தவில்லை? கத்த அவரிடம் குரல் இல்லை. குரல்தான் இந்தப் பக்கம் நிற்கிறதே.

பிரேக்கை மிதிப்பதற்குள் பின்சக்கரம் எதன் மேலோ ஏறியது. மெத்தென்று இருந்தது. ஏறி, இறங்காமல், அங்கேயே நின்றது.

"பார்சல்" என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

இடது பக்கக் கதவு திறந்தது.

கணவர் ஏறி உட்கார்ந்தார். அதே சட்டை. அதே நரைத்த கிருதா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி சீட்டில் இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"போலாம்" என்றார்.

முழங்கால் மேல் இருந்த அவர் கையை அவள் பார்த்தாள். ஐந்து விரல். மோதிரம் இல்லை. மோதிரம் கிடந்த தழும்புகூட இல்லை.

வண்டிக்கு அடியில், பின்பக்கம், தகரத்தில் ஒரு சத்தம். மெலிதாக.

ணங்.

ஒன்று. நிறுத்து.

அவள் கிளட்சையும் பிரேக்கையும் அழுத்தி மிதித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. நிறுத்திட்டேங்க, நிறுத்திட்டேன். சொல்ல நினைத்தாள், சத்தம் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்கும் குரல் இல்லை.

மறுபடியும் அடியிலிருந்து ஒரு தட்டு. முன்னைவிட மெலிதாக.

ணங்.

அதன் ஓசை அடங்கும் முன், பக்கத்தில் இருந்தவர் மோதிரமில்லாத கையை உயர்த்தி, டாஷ்போர்டில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

இரண்டு.

கிளட்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் அவள் கால்கள் தானாக எழுந்தன.