ஏழாம் கரி அறை

ஏழாம் கரி அறைக் கதவின் பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

கிழவர் அமில்காரே கையை எடுத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். மொந்தேரோசோ கப்பலின் கொதிகலன்கள் அணைந்து ஆறு வருஷம். லா ஸ்பெட்சியா துறைமுகத்தில் உடைப்பதற்காகக் கட்டிப்போட்ட அந்தக் கவசக் கப்பலில் இப்போது எலிகூட இல்லை. ஆனாலும் அந்த இரும்பு, யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுப் போனது மாதிரி சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கடல்மட்டத்துக்குக் கீழே வெயில் ஏது?

காலையில் ரொட்டி தின்னும்போதுதான் இரும்பு வெட்டுகிறவர்களின் தலைவன் சாந்தீனோ கேட்டான்.

"பெரியவரே, இந்தக் கப்பலோட குடல் பூரா உங்களுக்கு அத்துப்படியாமே. எங்க அண்ணன் துலியோ செத்த அறை எது?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சுடா. எல்லா அறையும் ஒரே கறுப்புதான். எதைன்னு சொல்ல?"

"ஒயின் கடைக்கு வழி மட்டும் மறக்கலையே!" எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சரி, விடுங்க. மத்தியானம் ஒவ்வொண்ணா நானே வெட்டிப் பாத்துக்கறேன்."

மொந்தேரோசோவின் சரித்திரத்தை எழுதிய படித்தவர்கள், அதன் கவசம் எத்தனை கனம், லிபியாச் சண்டையில் எந்தக் கோட்டையை இடித்தது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். துலியோவுக்கு ஒரே சொல், விபத்து. தாளில் எழுதினதை எவன் நம்புவான்? சொன்னவன் சொன்னதைத்தான் அது சொல்லும். சொன்னது அமில்காரே.

கரி ஏற்றும் நாளில் ஒருவன் அறைக்குள் நின்று, மேல்தளத்துத் துளை வழியே விழுகிற கரியை மூலைமுடுக்கெல்லாம் தள்ளி நிரவ வேண்டும். அடுத்த மூட்டையைக் கொட்டுமுன் மேஸ்திரி இரும்பில் மூன்று முறை தட்டுவார். உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தால் கொட்டக் கூடாது, ஆள் இருக்கிறான். அன்றைக்கு மேஸ்திரி அமில்காரே. அவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததை அதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவன் துலியோ.

மூன்று தட்டினார். பதில் வந்தது. கொட்டச் சொன்னார்.

பிணத்தை வெளியே எடுத்த பிறகு சுவரில் மண்வெட்டி முனையால் கீறியிருந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார். 'தட்டினேன். அமில்காரே கேட்டான்.' அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தார். இரும்பு வெட்டுகிற கேஸ் தீ பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். சாந்தீனோவுக்கு எழுத்து தெரியும், அவன் கையில் தீயும் இருக்கும்.

உளியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். வெளியே கடல் கப்பலின் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. எங்கோ நீர் சொட்டியது. காலி அறையில், சுரங்கத்திலிருந்து அப்போதுதான் தோண்டியெடுத்த ஈரக்கரியின் வாசனை தொண்டையை அடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கினார். பெயர் போயிற்று. வரி போயிற்று. துடைத்துக்கொண்டு விளக்கைத் தாழ்த்தினார்.

கீழே இன்னொரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று.

'கேட்டான். கேட்டான். கேட்டான்.'

கீறல்கள் வெள்ளையாக மின்னின. துரு ஏறாத புதுக் கீறல்கள்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"டேய் சாந்தீனோ! நான்தான்டா! உள்ள இருக்கேன்!"

மேலே மூன்று தட்டு.

உளியால் ஓங்கித் தட்டினார். ஒரு முறை. பத்து முறை. கை வீங்கும்வரை. பிறகு நிறுத்திக் காது கொடுத்தார்.

சத்தமில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே சும்மா இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

துளையின் மூடி நகர்ந்தது. வெளிச்சம் வரவில்லை.

முதல் கரித்துண்டு தோளில் விழுந்தது. அப்புறம் கூடைகூடையாக.

முழங்கால். இடுப்பு. கத்தினார். வாயில் தூள்.

மார்பளவு வந்ததும் நின்றது. விளக்கு மட்டும் அணையாமல் மேட்டின்மேல் கிடந்தது. அந்த வெளிச்சத்தில், அவர் மார்பைச் சுற்றிக் குவிந்திருந்த கரி தானாக அசைந்தது. சரக், சரக் என்று மண்வெட்டிச் சத்தம். ஆளைக் காணோம். கரி மட்டும் அவரைவிட்டு விலகி மூலைகளுக்குப் போயிற்று, பள்ளங்களில் நிரம்பிற்று, தட்டித்தட்டிச் சமனாயிற்று. அவசரமில்லாமல், அழகாக. இன்னும் கொட்ட இடம் பண்ணிக்கொண்டு.