சாலம்மாளுக்குத் துணை

மண்சுவரில் ஒரு கைத்தடம் மட்டும் ஈரமாக இருந்தது.

வெள்ளிமலைச் சாலையோரக் கலைக்கூடத்தை இருட்டுவதற்குள் பூட்டிவிட வந்த மேலாளர் காசிநாதன் அதைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தச் சுவர்தான் கூடத்தின் சேகரிப்பிலேயே பேர்போன படைப்பு. அதைக் கட்டிய கூலிப்பெண்களின் கைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு உருகிப்போவார்கள். மற்ற தடங்களெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்க, சாலம்மாளின் தடம் மட்டும் இப்போதுதான் கையை எடுத்தது போல் மினுமினுத்தது.

நைனார்பாளையத்திலிருந்து வேலைக்கு வந்தவள் சாலம்மாள். மழை வலுத்ததும் பெண்களெல்லாம் இறங்கிவிடுகிறோம் என்று கெஞ்சினார்கள். திறப்பு விழாவைச் சொல்லி மறுத்தவர் காசிநாதன். சுவரின் மேல்பாதி சரிந்து அவளை அமுக்கியது. "எங்க ஆளே இல்லீங்க, வேடிக்கை பாக்க வந்தவ" என்று போலீசிடம் கூசாமல் சொன்னார். கூடத்தை நடத்தும் அறக்கட்டளையின் பேர் கெடக் கூடாதே! பிறகு அதே மண்ணைக் குழைத்து, அவள் கை பதிந்த அடிப்பாதியின் மேலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள்.

பிணத்தை எடுத்தது சனிக்கிழமை. சனிப்பொணம் தனியாகப் போகாது என்று பாடையில் உயிர்க்கோழி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். காசிநாதன் மாலையோடு போனார். கூடத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு ஓவியர்களும் கேமராவோடு கூட வந்திருந்தார்கள். அவர்கள் முகம் சுளித்ததைப் பார்த்ததும் அவரே கயிற்றை அறுத்துக் கோழியை விரட்டிவிட்டார்.

"இன்னாங்க இப்டிப் பண்ணிட்டீங்க!" என்று சாலம்மாளின் தங்கை தைலம்மாள் அலறினாள். "அவ இப்ப யாரக் கூட்டிக்கினு போவா?"

"அதெல்லாம் சும்மாம்மா" என்று சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். மூடுபனி சன்னல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்க, ஈரமண் வாசனைக்கு நடுவே நனைந்த இறகின் வாடையும் கோழி எச்சத்தின் வாடையும் மெல்ல மெல்ல ஏறின. சுவருக்குப் பின்னால் ஏதோ மண்ணைப் பறண்டியது.

"ச்சூ! போ!"

பறண்டல் நின்றது.

சுற்றிப் போய்ப் பார்த்தார். கோழி இல்லை. தரையில் நகக்கீறல்கள். புதியவை.

சுவர் முழுவதும் வேர்த்திருந்தது.

கதவை நோக்கி ஓடினார். வலது கால் வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை. குனிந்தார்.

கணுக்காலில் கயிறு. கோழிக்காலில் போடும் அதே முடிச்சு. கயிற்றின் நடுவே இன்னொரு முடிச்சு, அன்று அவர் அறுத்த இடத்தில்.

"சாலம்மா… நீ எங்க ஆளுதான்… சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்…"

வாசற்படியில் ஒரு கோழி நின்றுகொண்டு, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு திரும்பிப் பனிக்குள் நடந்து போய்விட்டது.

கயிறு இறுகியது. அதன் மறுமுனை சுவருக்குப் போனது. அங்கே, விரிந்திருந்த ஈரக் கைத்தடம் விரல்களை மடக்கி அதைப் பிடித்திருந்தது.