கால் கழுவிய தண்ணீர்

"நாய் சேத்துல நடந்துச்சா, அதச் சொல்லு பூர்ணா. மரத்தடில, எலை அழுகிக் கெடக்குற எடத்துல?"

"தினமும்தான் டாக்டர். குவார்ட்டர்ஸ் பின்னால இருக்கிற தோப்பு. ஹம்ஸினி ஸ்கூல் விட்டு வந்ததும் பிஸ்தாவக் கூட்டிட்டுப் போவா."

"மழைலயுமா?"

"மழைலயும். ஆனா வந்த ஒடனே கால கழுவிடுவேன். ஒரு நாள் தவறினதில்ல."

பிஸ்தாவைச் சேர்த்திருந்த கிளினிக்கிலிருந்து டாக்டர் ஆக்னஸ் ஃபோனில் தொடர்ந்தாள். "வெளிநாட்டுலயே எப்பவாவதுதான் வருமாம். குளிரும் ஈரமுமா இருக்கிற மாசத்துல, காட்டுச் சேறு மிதிச்ச நாய்ங்களுக்கு. எதனாலன்னு தெரியல. மொதல்ல கால்ல புண்ணு, அப்புறம் கிட்னி. அதுவான்னு சந்தேகமா இருக்கு. நேத்திலருந்து பிஸ்தா ஒரு சொட்டு மூத்திரம் போகல."

"மனுஷங்களுக்கு வருமா டாக்டர்?"

"நக்கோ, அந்த பயமே வேணாம். அப்படி யாரும் எழுதல."

பூர்ணா ஒன்றைச் சொல்லவில்லை. மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதனால் ஃபில்டர் கழிக்கும் தண்ணீரைப் பின்கட்டில் நீல டப்பில் பிடித்து வைப்பாள். அதில் பிஸ்தாவின் நான்கு கால்கள், பிறகு அதே தண்ணீரில் மகள் ஹம்ஸினியின் இரண்டு கால்கள், மறுநாள் சேறு அடியில் படிந்ததும் மேலே தெளிந்து நிற்பதில் மீண்டும் அந்த ஆறு கால்கள். இன்று காலையில்தான் டப்பைக் கொட்டி, ஃபினாயில் ஊற்றித் தேய்த்து, கவிழ்த்து வைத்தாள்.

கணவன் ராஜீவ் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம். மழையில் கரண்ட் போயிருந்தது. ஃபினாயில் நெடிக்கு அடியிலிருந்து நனைந்த ரோமமும் அழுகிய இலையும் கலந்த வாசனை மெதுவாக எழுந்து கூடத்துக்கு வந்தது. மூன்று நாளாக ஹம்ஸினி தூங்கும்போதும் சாக்ஸைக் கழற்றவில்லை என்பது அப்போதுதான் பூர்ணாவுக்கு உறைத்தது. இன்று காலையிலும் பாத்ரூம் பக்கம் போகவில்லை, ஸ்கூல் விட்டு வந்தும் போகவில்லை.

பின்கட்டில் தண்ணீர் சலசலத்தது.

முதலில் ஒரு கால். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டும் சேர்ந்தாற்போல். பிஸ்தா டப்பில் அப்படித்தான் இறங்கும்.

ஃபோன் அதிர்ந்தது.

"பூர்ணா..." ஆக்னஸின் குரல் தாழ்ந்திருந்தது. "பத்து நிமிஷம் ஆச்சும்மா. பிஸ்தா போயிடுச்சு."

பூர்ணா பின்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

டப் நிமிர்ந்திருந்தது. விளிம்புவரை தண்ணீர். துருவின் நிறம். நடுவில் யூனிஃபார்மோடு ஹம்ஸினி. சாக்ஸ் இல்லை. ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்கு மேலே வட்டமாக ஒரு புண். கறுத்த ஓரம். பிஸ்தாவுக்கு இருந்த அதே இடம்.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் அங்கே தண்ணீர் நான்கு இடத்தில் குழிந்திருந்தது. குழிகளைச் சுற்றி வளையங்கள் விரிந்தன. நின்றன. மீண்டும் விரிந்தன.

"மம்மி," என்றாள் ஹம்ஸினி, நிமிராமலே. "என்னுது ஆயிடுச்சு. பிஸ்தா கால மட்டும் கழுவி விடு."