வண்டிக்கடியில் ஒரு லாந்தர்

முட்டிய பிறகுதான் பாவாயிக்கு விழிப்பே வந்தது.

சைக்கிளின் முன்சக்கரம் மாட்டுவண்டியின் பின்பலகையில் மோதி நிற்க, ஒரு காலைத் தரையில் ஊன்றித் தப்பித்தாள். விடியலில் பிரசவ ஆசுபத்திரிக்குள் நுழைந்த நர்ஸம்மா அவள்; இருட்டத் தொடங்கும்போதுதான் வெளியே வந்திருந்தாள். சைக்கிள் விளக்கில் எண்ணெய் இல்லை. யுத்தம் வந்ததிலிருந்து சீமெண்ணெய்க்குப் பஞ்சம். விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள், புகைந்து அணைந்தது. ராணுவ லாரிகளோ குண்டுவீச்சுக்குப் பயந்து முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாய்ந்தன. அதனால் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அம்மாபேட்டைக்குப் போகும் நூல்வண்டி ஒன்றின் அடியில் ஆடிய லாந்தரைப் பார்த்தபடியே வந்தாள்... அரைக்கண் மூடி.

வண்டி நின்றது அவளுக்குத் தெரியவில்லை. சாலையோரத் தண்ணீர்த்தொட்டியில் மாடுகள் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, வண்டிய நிறுத்தறதுன்னா ஒரு சத்தம் குடுக்கக் கூடாதுங்களா?"

மேலே ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "நானெங்க அம்மிணி நிறுத்துனேன்? தொட்டியக் கண்டா மாடு தானா நின்னுக்கும்."

"அப்ப நீங்க?"

"ஒறங்கிட்டிருந்தேனுங்க."

"நடுரோட்டுலயா! பின்னால வர்றவங்க உசுரு உங்களுக்கு வெளையாட்டா?"

"பின்னால வர்றவங்களுக்குத்தானுங்க லாந்தரே கட்டியிருக்குது. ஓசி வெளிச்சத்துல வந்துபோட்டு, வண்டிக்காரனையே வெரட்டறீங்களே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தூக்கத்தில் சிவந்திருந்த கண்கள்... ஆனாலும் நல்ல கண்கள். அது வேறு அவளுக்குக் கோபமாக வந்தது. ஓசியாமே! வண்டியைத் தாண்டிப் போனாள்.

மறுநாளும் வேண்டுமென்றே முந்திக்கொண்டு இருட்டில் மிதித்தாள். பிடரியில் லாரி ஹாரன் அலறியது. ஓரம் ஒதுங்கியவள் சைக்கிளோடு பள்ளத்தில் சரிந்தாள். முழங்கை எரிந்தது. ஆனால் அழுகை வந்தது அதற்காக இல்லை.

வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் குழந்தைவேல் குதித்திறங்கிச் சைக்கிளைத் தூக்கினான். சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கோணிய ஹேண்டில்பாரைத் திருகி நேராக்கினான்.

"பலமான அடிங்களா?"

"இல்லீங்க..."

"அப்புறம் எதுக்கு அளுகறீங்க?"

"முன்னாடியே ஒருக்கா உளுந்துட்டேன். இன்னொருக்கா உளுந்தா சைக்கிள வித்துப்போடுவேன்னு கூடப் பொறந்த ராசப்பண்ணன் சொல்லியிருக்குது. சைக்கிள் இல்லீன்னா இந்த வேலைக்கு எப்படிங்க வாரது? ஊட்டுலயே கெடக்க வேண்டியதுதான்."

அவன் குனிந்து அச்சுக்கடியில் தொங்கிய லாந்தரை அவிழ்த்தான். வண்டியின் பின்பக்கம், அவள் முகத்துக்கு நேராகக் கட்டினான்.

"நேத்து சொன்னத மறந்துருங்க அம்மிணி. என்ற வண்டிக்குப் பின்னாலயே வாங்க. இனி ஒறங்க மாட்டேன்."

"மாடு நின்னுக்குமே?"

"நிக்கறதுக்கு முந்தி நான் குரல் குடுக்கறேனுங்க."

அன்றிலிருந்து அந்திதோறும் தொட்டிக்குச் சற்று முன்னால் ஒரு குரல் எழும். "தொட்டி வருதுங்கோ...!" பிரசவ வலியின் அலறலையே நாளெல்லாம் கேட்டுக் களைத்த காதுக்கு, அந்த ஒரு குரல் இளைப்பாறலாக இருந்தது. வேறு பேச்சு அதிகம் இல்லை. பேசுகிற தெம்பும் இரண்டு பேருக்கும் இல்லை. சில நாளாக வண்டி கடகடவென்று கூடுதலாகச் சத்தம் போடுவதுபோல் இருந்தது. அசதியில் அவள் அதை யோசிக்கவில்லை.

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. தொட்டியருகே இருவரும் புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். அடித்த காற்றில் வண்டியின் படுதா புரண்டு விலகியது.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மூட்டைகூட இல்லை.

"நூல் எங்கீங்க?"

"ஆலையிலிருந்தே வாரதில்லீங்க. யுத்தமில்லீங்களா... பகல்ல செங்கல் ஏத்தறேன்."

"அப்ப சாயங்காலம் எதுக்கு வெறும் வண்டிய இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வாரீங்க?"

அவன் மாட்டின் கழுத்தைத் தடவினான். மழைநீர் அவன் இமையில் நின்று சொட்டியது. "உங்களுக்கு வெளிச்சம் வேணுமில்லீங்களா அம்மிணி..."

பாவாயி தன் சைக்கிள் விளக்கைக் கழற்றினாள். அவன் காதருகே பிடித்து ஆட்டினாள். உள்ளே தளும்பியது.

அவன் விழித்தான். "எண்ணெய் இருக்குதே!"

"அண்ணன் எங்கியோ அலைஞ்சு வாங்கிட்டு வந்து ஊத்திக் குடுத்துது. நாளாச்சு."

"அப்புறம் ஏன் பத்த வெக்கலீங்க?"

"பத்த வெச்சா... உங்க பின்னால வாரதுக்கு என்ன சாக்குச் சொல்றது?"

அவன் விளக்கை வாங்கி மறுபடி சைக்கிளில் மாட்டினான்.

"ஊட்டுக்கு வந்து அண்ணங்கிட்டக் கேக்கட்டுங்களா?" என்றான், குரல் இறங்கி.

"வாங்க. பகல்லயே வாங்க... லாந்தர் வேண்டாம்."

தொட்டியில் தண்ணீர் குடித்து முடித்த மாடுகள் வழக்கம்போல் தாமாகவே கிளம்பின. முதல்முறையாக அவற்றை நிறுத்தினான் குழந்தைவேல்.