கீழ்முனை பிடித்தவன்

மூன்று நாளாக வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வண்டியில் ஒரு குடும்பத்தின் மொத்த வீடும் கிடந்தது. கட்டில், மேசை, துணி சுற்றிய கண்ணாடி, கால் மடக்கிய தையல் மெஷின். டிரைவர், நான், என் தங்கையின் கணவன். அவனை நான் மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வீட்டுச் சாமான் தூக்கும் தொழிலில் பதினோரு வருடமாக ஒரே பாரத்தின் இரண்டு முனைகளில் நாங்கள் இருந்தோம். மாடிப்படி என்றால் நான் எப்போதும் மேல்முனை. அவன் கீழ்முனை. பாரம் முக்கால்வாசி கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். "அண்ணே, அவரைப் போன மாதிரியே கூட்டிட்டு வந்துடு" என்றாள். இந்தத் தூரப் பயணத்துக்கு அவனுக்கு மனசே இல்லை. நான்தான் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பாலத்துக்கு முன்னால் வண்டியை மறித்துவிட்டார்கள். கனரக வண்டிகளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல்தான் விடுவார்களாம். அந்தப் பக்கமெல்லாம் பகல் என்பதே ஒரு மாதிரி. சூரியன் மேலே ஏறாமல் மரங்களின் தோளிலேயே உட்கார்ந்திருந்தது. சாலையோரம் இரண்டு மாடி வீடு ஒன்று இருந்தது. வழிப்போக்கர்களுக்கு அறை விடுகிற வீடு.

"நான் வண்டியிலேயே கிடக்கிறேன்" என்றார் டிரைவர். "நீங்க போய்க் காலை நீட்டிப் படுங்க. உங்க ரெண்டு பேர் குறட்டைக்கும் நடுவுல மூணு நாள் ஓட்டியிருக்கேன், எனக்கும் ஓய்வு வேணும்ல."

தமிழ் பேசுகிற வீட்டுக்காரம்மா நனைந்த கையோடு கதவைத் திறந்தாள். துவைக்கிற நாள் போல. வீடு முழுக்க சோப்பு வாசனை. மாடியில் ஒரு அறையைக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

படுத்ததும் தூங்கிவிட்டேன். எழுந்தது ஒரு சத்தத்தில்.

மரம் சுவரில் உரசுகிற சத்தம். ஒரு மூச்சு. மறுபடி உரசல்.

எங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பெரிய பீரோ ஒன்று படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்முனையில் ஒருவன் தனியாகத் திணறுகிறான்.

"அண்ணே" என்று ஒரு குரல் வந்தது. "ஒரு கை குடுங்களேன்."

மாப்பிள்ளை அரைத்தூக்கத்திலேயே எழுந்து போய்விட்டான். அதில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் பாரத்தோடு நிற்கிறவன் கேட்டால், யார் என்ன என்று விசாரிப்பதில்லை. முதலில் கையை வைப்போம், பிறகுதான் முகத்தைப் பார்ப்போம்.

கொஞ்ச நேரம் கழித்தும் அவன் வரவில்லை. முன்படியில் இறங்கி, சமையலறை வழியாக வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே திறந்து கிடந்த ஒரு கதவுக்குப் பின்னால் குறுகலான படி மேலே ஏறிப் பாதியில் திரும்பியது.

மாப்பிள்ளை ஐந்தாவது படியில் நின்றுகொண்டிருந்தான். முதுகு வளைந்திருந்தது. இரண்டு கைகளும் தலைக்குமேல். தோளில் சட்டை நேர்கோடாக அமுங்கியிருந்தது.

அவனுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"விளையாடல மச்சான். பீரோ." அவன் குரல் நசுங்கி வந்தது. "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு அந்த ஆளு போனாரு. இன்னும் காணோம். நீ பாத்தியா? கால்ல செருப்பில்லாம ஒருத்தர்."

யாரையும் பார்க்கவில்லை. சமையலறையில் ஈரத்துணி மட்டும் கிடந்தது.

"விட்டுட்டு வாடா. அங்க ஒண்ணுமே இல்ல."

"மேல்முனையில ஆள் இருக்கு. சொல்லாம எப்படி விடுறது?"

நான் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். மண்ணில் நட்ட கம்பத்தை இழுப்பது போலிருந்தது. அவன் தோளுக்குமேல் நான் கை கொண்டுபோனபோது கத்தினான். "கை வைக்காத மச்சான். வெச்சா உனக்கும் எடுக்க வராது."

பழைய துணியும் அந்துருண்டையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது.

வெளியே ஓடி வண்டியிலிருந்து முட்டுக்கட்டை ஒன்றை எடுத்து வந்தேன். அவன் தோளுக்குப் பக்கத்தில், வெறும் காற்றுக்கு அடியில், அதை நிமிர்த்தி நிறுத்தினேன். கை எடுத்தும் கட்டை விழவில்லை. நின்றது.

பிறகு நடுவில் மெல்ல வளைந்தது.

முறிந்தது.

அந்த அதிர்ச்சியில் மாப்பிள்ளை ஒரு படி கீழே இறங்கிவிட்டான். இப்போது நான்காவது படி.

வீட்டுக்காரம்மா என் பின்னால் வந்து நின்றாள். கையில் ஈரப் போர்வை. அவள் திடுக்கிடவில்லை.

"துணி காயப்போடத்தான் இந்தக் கதவத் திறந்தேன்" என்றாள். "திரும்பப் பூட்ட மறந்துட்டேன்."

"முன்னாடியும் யாராவது இப்படி நின்னாங்களா?"

"போன குளிர்ல ஒருத்தர். அவரும் சாமான் ஏத்துற ஆளுதான். ஒவ்வொரு படியா எறங்கிக்கிட்டே இருந்தாரு. கடைசிப் படிக்கு வந்ததைப் பாத்தேன். அப்புறம் வந்தா ஆளில்ல. போயிட்டாருன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா?"

"செருப்பு இங்கேயே கெடந்துச்சே."

மாப்பிள்ளைக்கும் அது கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் என் தங்கையிடம் சொல்லவில்லை.

பகல் நகரவே இல்லை. ஜன்னலில் அதே சாம்பல் வெளிச்சம். அவன் வாயில் தண்ணீர் ஊற்றினேன். வியர்வையைத் துடைத்தேன். முழங்கால் நடுங்கும்போதெல்லாம் அவன் ஒரு படி இறங்கினான். மூன்று. இரண்டு. நான்கு மணிக்கு அவன் குதிகால் கடைசிப் படியில் இருந்தது.

"மச்சான்" என்றான். "புள்ள பொறந்தா என்னை மாதிரி மூக்கு வேணாம்னு சொல்லு அவகிட்ட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நிற்கவேண்டிய இடம் இது இல்லை. கீழ்முனையில் நிற்கிறவன் மேல்முனையிலிருந்து சொல் வராமல் பாரத்தை விடமாட்டான். செத்தாலும் விடமாட்டான். பதினோரு வருடம் அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்.

முன்படியில் ஏறி, மேல் வராந்தா வழியாகப் பின்படியின் திருப்பத்துக்கு இறங்கினேன். அங்கே காற்று குளிர்ந்து கெட்டியாக இருந்தது. மேல்முனை இருக்கவேண்டிய உயரத்துக்கு இரண்டு கைகளையும் நீட்டினேன்.

மரம்.

வழவழப்பான, சில்லென்ற மரம். விளிம்பைப் பிடித்தேன். என் இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருந்தது.

அது பிடியை விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். "மேல்முனையில நான் இருக்கேன்."

"அவரு இன்னும் சொல்லலையே."

"அவரு யாரோ. நான் சொல்றேன்டா. எத்தனை வீடு ஏத்தியிருக்கோம், என் பேச்சு உனக்குத் தெரியாதா? மூணு எண்ணுவேன். ஒண்ணு. ரெண்டு."

என் காதுக்கு மிக அருகே யாரோ மூச்சை இழுத்து நிறுத்தினார்கள்.

"எறக்கு."

அவன் விட்டான். தரையில் விழுந்து உருண்டான். என் கைகளுக்குள் இருந்த மரம் இல்லாமல் போனது.

ஆனால் இறக்கின பாரம் சத்தம் போடும். கல்லானாலும் பஞ்சு மெத்தையானாலும் தரையைத் தொட்டால் ஒரு சத்தம் உண்டு. நான் அதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தோளில் விரல் அகலத்துக்குக் கறுத்த கோடு. பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் முகத்தைச் சுளித்தார். "வழியில எதையாவது ஏத்தினீங்களா? வண்டி இவரு பக்கமாவே சாயுதே." மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். அவனை அவன் வீட்டு வாசலில் விட்டபோது தங்கை சிரித்த சிரிப்பைப் பார்த்து, அவள் கேட்டபடியே கூட்டி வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அண்ணே, இவரு ஒரு மாதிரி பண்றாரு. சுவத்தோரமா குனிஞ்சு நிக்கிறாரு, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு."

வாயில் இருந்ததைத் துப்பினேன். "எவ்வளவு நேரமா?"

"விடிஞ்சதுல இருந்து. கிட்ட வராத, தொடாதன்னு திட்டுறாரு. வேர்த்து ஊத்துது அண்ணே. காலு நடுங்குது, விழுந்துடுவாரு போலிருக்கு."

"நீ தள்ளி நில்லு. கை வைக்காத. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"விழுந்துடுவாருண்ணே" என்றாள். போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது.

தூரத்தில் மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று அழுதான்.

பிறகு ஒரு மூச்சு. பாரம் தோளில் ஏறும்போது நெஞ்சிலிருந்து தானாக வருமே, அந்த மூச்சு. அது அவனுடையது இல்லை.

நான் போனைக் காதில் வைத்தபடியே தெருவில் ஓடினேன். இரண்டு தெரு தூரம்தான். பாதி வழியில் தங்கையின் குரல் கேட்டது, மெதுவாக, நசுங்கி.

"அண்ணே, மேல்பக்கம் புடிச்சிருக்கிறவரு யாரு? என்னையே பாக்குறாரு."