திருத்தச் சீட்டு

படம் முடிந்ததும் அரங்கில் இருந்த இருநூற்றுப் பத்துப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் பார்த்தது இருநூற்றுப் பத்து வெவ்வேறு படங்கள். மரகதவல்லி இசைவுக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இசைவுக்கண்ணாடி வந்தபின் எந்தப் படமும் தோற்றதில்லை. பார்ப்பவரின் நாடித்துடிப்பையும் கண்மணியின் அசைவையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். மனம் எங்கே முகம் சுளிக்கிறதோ, அங்கே திரையில் இருப்பவரின் வயதையும் நிறத்தையும் நூலளவு நூலளவாக மாற்றிவிடும். பார்ப்பவருக்குத் தெரியாது. எதை எவ்வளவு மாற்றினோம் என்று கடைசியில் ஒரு திருத்தச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ரசிகர்கள் அதைச் சீந்துவதில்லை. கல்யாணத் தரகர்கள் விடுவார்களா? ஜாதகத்தோடு கடைசிப் பத்துப் படங்களின் திருத்தச் சீட்டையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாய் பொய் சொல்லும், நாடி சொல்லாதே.

மரகதவல்லி வந்ததும் சீட்டுக்காகத்தான். வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்து பதினோரு வருடம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேதியியலாளர். அதே ஆலையில் பொறியாளனாக இருக்கும் நைஜீரியாக்காரன் ஒபின்னாவுக்கு முப்பத்து மூன்று. அவனுக்கு இவள்மேல் உயிர், இவளுக்கும் அப்படித்தான். இப்போது அவனுக்கு செனகல் நாட்டு டக்காருக்கு மாற்றல் வந்திருக்கிறது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் நிறைமதி சம்மதித்தால் இங்கேயே இருந்து கல்யாணம் செய்துகொள்வான், இல்லையென்றால் போய்விடுவான்.

மகளிடம் நேராகக் கேட்க மரகதவல்லிக்கு நா எழவில்லை. தூத்துக்குடித் தலைமையாசிரியை ஒருத்தியும் கானா நாட்டு இளம் கப்பல் மெக்கானிக் ஒருவனும் காதலிக்கும் இந்தப் படத்துக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள், மகளின் மனசைச் சீட்டே சொல்லிவிடும் என்று.

நிறைமதி காப்பி வாங்கப் போனாள். டிக்கெட் எடுத்தவளின் கைபேசிக்கே இரண்டு சீட்டுகளும் வந்தன. மகளுடையதில் ஒரே வரி.

'திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.'

பயந்ததெல்லாம் வீண். மரகதவல்லிக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. விரல் தன்பாட்டுக்கு அவளுடைய சீட்டைத் திறந்தது.

'நாயகன்: நிறம் 62 விழுக்காடு வெளுக்கப்பட்டது. வயது பதினாறு கூட்டப்பட்டது. மிகுதியான ஒவ்வாமை: மார்க்கெட்டில் ஊர் பார்க்க நாயகியின் கையைப் பிடிக்கும் காட்சி.'

அந்தக் காட்சியில் அவள் தேம்பி அழுதிருந்தாள். காதோரம் நரைத்த, கோதுமை நிறக் கைகள் கொண்ட ஒருவரைப் பார்த்து அழுதிருக்கிறாள். அவர் யாரென்று யோசித்தாள். யாரோ. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

நிறைமதி இரண்டு காப்பியோடு வந்தாள்.

"யாரும்மா அவரு?"

"எவரு?"

"சும்மாவா என்னை இந்தப் படத்துக்கு இழுத்துட்டு வந்த? உன்கூட வேலை பாக்குற ஒபின்னாதானே? ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு. நானே கீழ போய் மேல கூட்டிட்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடியிருப்பில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். லிஃப்டில் யாராவது நிச்சயம் ஏறுவார்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவனைத் தெருமுனை தாண்டி வரவிட்டதில்லை என்பது மரகதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்காக என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கைபேசி அடித்தது. ஒபின்னா.

"மரகதம், சீட்டு வந்துச்சா? என்ன போட்டிருக்கு?"

"அறுபத்திரண்டு."

ஒபின்னா அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"உங்க பொண்ணோடதா?"

மரகதவல்லி மகளைப் பார்த்தாள்.

"ஆமா. அவளுக்குப் பிடிக்கல. நீ டக்காருக்குச் சரின்னு சொல்லிடு."

நிறைமதி அம்மாவுக்கான காப்பியை நீட்டியபடியே நின்றாள்.